பூசையில் வைத்த சாவி

அந்த மெஷினை ஆயிரத்து நூற்று இருபத்து மூன்று நாள் அணையாமல் ஓட்டினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான். யூனிக்ஸ் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. நாலு பேர் கூடினால் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்க மாட்டோம், உன் மெஷின் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்றுதான் கேட்போம். "நம்ம கல்யாண நாளு உனக்கு மறந்துரும், அந்தச் சனியன் எந்திரிச்ச நாளு மட்டும் மறக்காது" என்பார் என் வீட்டுக்காரர். உண்மைதான்.

2049-ஆம் வருடத்து ஆயுத பூசை அன்று மத்தியானம் இரண்டு பத்துக்குப் பாளையங்கோட்டையில் கரண்ட் போனது. நிலாவில் ஹோட்டல் கட்டிவிட்டார்கள், இங்கே கரண்ட் போவதை மட்டும் ஒருத்தராலும் நிறுத்த முடியவில்லை. நான் பதறவில்லை. பாட்டரி நாற்பது நிமிடம் தாங்கும். அதற்குள் கொல்லைப்பக்கம் நிற்கும் ஜெனரேட்டரை இருளப்பன் அண்ணாச்சி முடுக்கிவிடுவார். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. இறங்கிப் போனேன்.

ஜெனரேட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தது. முன்னால் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. அண்ணாச்சி வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் ஸ்டார்ட் பண்ணலியா?"

"சாவி இல்லம்மா."

"சாவி எங்க?"

"பூசையில இருக்கு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. மேனேஜர் அறையில், சாமி படத்துக்கு முன்னால், ஸ்பானர், திருப்புளி, சுத்தியலோடு ஜெனரேட்டர் சாவியையும் வைத்துப் பூசை போட்டிருக்கிறார்கள். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில் மறுபூசை போடும்வரை தொடக்கூடாது. யாரும் தொட்டுவிடக் கூடாது என்று மேனேஜர் அறையைப் பூட்டி, அறைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சிவகிரிக்குக் கிளம்பிவிட்டார்.

"வருசா வருசம் ஸ்பானரத்தான வைப்பீக? இந்த வருசம் என்ன சாவி?"

"நேத்து ஒரு அண்ணாச்சி எல்லாருக்கும் பொரிகடலை கொண்டாந்தாரும்மா. ஏதோ பேசண்டுக்கு வேண்டியவரு. 'ஜெனரேட்டருக்கு ஆயுதமே சாவிதானய்யா, அத விட்டுட்டு வெறும் ஸ்பானர வச்சுக் கும்பிட்டா எப்படி'ன்னாரு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு."

"கூறு இருக்கா உங்களுக்கு? பூட்ட ஒடைங்க!"

"சாமி முன்னால இருக்கதப் பூட்ட ஒடச்சு எடுக்கவா? என்னக் கொன்னாலும் மாட்டேன்மா. பொம்பளப் பிள்ளையள வச்சிருக்கேன்."

நானே கடப்பாரையைத் தூக்கினேன். நாற்பத்தேழு வயதில் பூட்டு உடைப்பது கீபோர்டு தட்டுவது போல இல்லை. கதவு திறந்து, சாவியை எடுத்து, ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியபோது மணி மூன்று ஐந்து. மாடிக்கு ஓடினேன். மெஷின் பதினைந்து நிமிடம் முன்பே அணைந்திருந்தது. மூன்று வருடமாகக் காதில் இரைந்துகொண்டிருந்த விசிறிச் சத்தம் இல்லை. வெறுந்தரையில் உட்கார்ந்து அழுதேன். என் கணக்குப் போனதற்காக இல்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நாற்பத்தோரு பேருக்கு மூன்று வருடம் இல்லாமல் போயிருந்தது.

எங்கள் மருத்துவமனை மறதிக்கானது. தலையில் அடிபட்டு, புது நினைவு எதுவும் தங்காமல் போனவர்களுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சில்லு வைக்கிறோம். அன்றன்று பார்ப்பது, கேட்பது எல்லாம் அந்தச் சில்லு வழியாக என் மெஷினுக்கு வந்து, அவரவர் டிஸ்க்கில் பதியும். அவர்கள் நினைத்துப் பார்க்கும்போது அங்கிருந்துதான் திரும்பப் போகும். மெஷின் நின்றால் அடிபட்ட நாளுக்கு முந்தைய நினைவு மட்டும்தான் அவர்களிடம் இருக்கும்.

அன்று சாயங்காலம் டாக்டர் பாக்கியதாஸ் விடுமுறையை விட்டுவிட்டு ஓடிவந்தார். எங்கள் தலைமை மருத்துவர். மூளையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை, மெஷினைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை.

"கரண்ட் வந்துட்டுதுலா, போட்டுவிட வேண்டியதுதான வடிவு?"

"மெஷின் எந்திரிக்கும் டாக்டர். டிஸ்க்கு திறக்காது. ஒவ்வொருத்தர் டிஸ்க்கும் அவங்கவங்க வாக்கியத்தால பூட்டியிருக்கு. அவங்க வந்து, கண்ணாடி ரூமுல உக்காந்து, வாயால சொல்லணும். அத எழுத்தாக்கி, அந்த எழுத்துலருந்துதான் சாவியே பிறக்கும். ஒரு எழுத்து மாறுனாலும் திறக்காது. அஞ்சு தடவ தப்பாச் சொன்னா பூட்டு தன்னைத்தானே அழிச்சுக்கிடும்."

"இத்தன நாளு சொல்லாமத்தான இருந்தாங்க?"

"ஓடிக்கிட்டு இருக்கவரைக்கும் பூட்டு திறந்தேதான் இருக்கும். அந்தப் பூட்டே மெஷின் நிக்கும்போது காக்கதுக்குத்தான். திருடன் டிஸ்க்கக் கழட்டிக்கிட்டுப் போனா ஒண்ணும் படிக்க முடியாது. ஓடும்போது எவனாவது உள்ள வந்தா பூட்டால ஒரு பிரயோசனமும் இல்ல."

"அப்போ அந்த வாக்கியத்தையும் மெஷின்லயே எங்கயாவது வச்சிருக்கலாம்ல?"

"எங்க வைக்க? மெஷின் எந்திரிக்கதுக்கு ஒரு டிஸ்க்கு பூட்டாமத்தான் இருந்தாகணும். பூட்டத் திறக்குற புரோகிராமே அதுலதான் இருக்கு. கதவத் திறக்குற ஆளையே உள்ள போட்டுப் பூட்ட முடியுமா? அந்தப் பூட்டாத டிஸ்க்குல வாக்கியத்த வச்சா, திருடன் கையில சாவியக் குடுத்த மாதிரி."

டாக்டர் தாடையைத் தடவினார். "சரி, வாக்கியம் பேசண்டுக்கு ஞாபகம் இருக்கணுமே. அவங்க ஞாபகம்தான உள்ள இருக்கு?"

"அதுக்குத்தான் முதல் விதி. வாக்கியம் அடிபடுறதுக்கு முந்தின ஞாபகமா இருக்கணும். சின்ன வயசுப் பாட்டு, செத்துப்போன மாட்டோட பேரு, அந்த மாதிரி. அப்படியும் மறந்தா, வீட்டுல ஒருத்தருக்குக் காப்பாளர் வாக்கியம்னு தனியா ஒண்ணு உண்டு."

"அப்ப எல்லாருக்கும் திறந்துரும்."

நாற்பது பேருக்குத் திறக்கும். ஒருத்திக்குத் திறக்காது. அது என்னால்.

லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டை மூன்றும் கழன்று கிடந்ததாகச் சொன்னார். குரங்கு வேலையாக இருக்கும் என்றார். எங்கள் ஊர்க் குரங்குகள் மேல் எதையும் போடலாம்.

அந்த ஒருத்தி, ஆவுடைத்தங்கம், தனியாக என்னைப் பார்க்க வந்தது பதினோரு மாதத்துக்கு முன்னால். முப்பத்தாறு வயது, முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வந்து உட்கார்ந்ததும் இடது கை ஜாக்கெட்டை மேலே ஏற்றிக் காண்பித்தாள். முழங்கைக்கு மேலே பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்து அழுத்தியது போல ஒரு வடு.

"இது எப்ப ஆச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்லக்கா. போன வாரம் குளிக்கும்போதுதான் பாத்தேன். ஆறிப்போய் ஒரு மாசம் இருக்கும். உங்க மெஷின் எல்லாத்தையும் பதியும்லா? இது மட்டும் எப்படிப் பதியாமப் போச்சு?"

காப்பாளருக்கு இன்னொரு வசதியும் எங்கள் விதிகளில் உண்டு. பயங்கரக் கனவு, சாவு வீடு, இப்படி நோயாளியின் மனதைப் போட்டு அறுக்கும் நினைவு எதையாவது அவர் நலன் கருதிக் காப்பாளர் அழிக்கலாம். நல்ல எண்ணத்தில் எழுதிய விதிதான். நான் ஆவுடையின் டிஸ்க்கைத் திறந்து பார்க்கவில்லை. என்னால் முடியும், ஓடும் மெஷினில் நான் பார்க்க முடியாதது எதுவும் கிடையாது, ஆனால் பார்க்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். யார் எப்போது எதை அழித்தார்கள் என்ற பதிவேட்டை மட்டும் பார்த்தேன். அவள் கணவன் சிதம்பரவேல், இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று தடவை. சில தடவை பத்து நிமிடம். ஒரு தடவை முழுசாக இரண்டு நாள்.

பதிவேட்டைப் படித்துவிட்டு அவள் அழவில்லை.

"ஏன் அவர விட்டுட்டுப் போகலன்னு கேப்பீக. எனக்கே தெரியாதேக்கா. ஒவ்வொரு தடவையும் காலைல எந்திரிக்கும்போது புதுசாக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கும். அவரு காபி போட்டுக் கொண்டாருவாரு. எனக்கு எம்புட்டு நல்ல மனுசன்னு தோணும்."

சட்டப்படி நோயாளியே கேட்டால் காப்பாளர் வாக்கியத்தை நீக்கலாம். நீக்கினேன். அவளுடைய சொந்த வாக்கியத்தையும் மாற்றவேண்டும் என்றாள், பழையது அவனுக்குத் தெரியும்.

"பழசா வேற ஏதாவது வைங்க. சின்ன வயசுல..."

"எல்லாம் அவருக்குத் தெரியும்கா. அத்தை மகன். தொட்டில்லருந்து கூடவே வளந்தவரு. எனக்கு மறந்துபோனது கூட அவருக்குத் தெரியும்."

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். பழசு எல்லாம் அவன் கையில், புதுசு எல்லாம் பூட்டுக்குள்ளே. இந்தப் பொறியில் அவள் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. விதியைச் சொல்லித் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. மெஷின் நின்றால்தானே பிரச்சினை, என் மெஷின் நிற்காது என்ற திமிர். எழுதியாவது வைத்துக்கொள் என்றேன். எழுதி எங்கே வைத்தாலும் எடுத்துவிடுவார் என்றாள்.

அவளுக்கு ஒரு தம்ளர் காபி கொடுத்தேன். என் காபியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கருப்பட்டி கொஞ்சம் கூடுதல், சுக்கும் கூடுதல், தூள் மிகக் கூடுதல். என் வீட்டுக்காரர் இருபது வருடமாகக் காபிக்குக் கடைக்குத்தான் போகிறார். அவள் ஒரு வாய் குடித்தாள். குனிந்துகொண்டாள். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தாள். நான் விதிப்படி காதைப் பொத்திக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். சொல்லிவிட்டு, புறங்கையால் வாயை மூடிக்கொண்டு அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ன வச்சீக?" என்றேன், கேட்கக்கூடாதுதான்.

"காபியக் குடிச்சதும் மனசுல என்ன தோணுச்சோ அத. சொன்னாக் கோவிச்சுக்கிடுவீக."

அந்த வாரமே அவள் தூத்துக்குடிக்குப் போய் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள். டியூசன் எடுத்தாள். குடும்ப நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். அவள் போவதற்குள்ளேயே அவன் இன்னும் இரண்டு தடவை கை நீட்டியிருந்தான், அந்த நினைவுகளை இந்தத் தடவை யாராலும் அழிக்க முடியவில்லை. விசாரணை வருகிற வியாழக்கிழமை. சாட்சி என்று அவளிடம் இருந்ததெல்லாம் அந்தப் பதினோரு மாதம்தான்.

விஜயதசமி அன்று காலை ஏழுக்கு மெஷினை எழுப்பினேன். எட்டு மணிக்கெல்லாம் வராந்தா நிறைந்துவிட்டது. ஒரு பெரியவர் ரெண்டு வருடம் முன்னால் செத்த மனைவியை வாசலைப் பார்த்துப் பார்த்துத் தேடினார். வாக்கியம் சொன்னதும் அவருக்கு எல்லாம் திரும்ப வந்தது, அவள் செத்ததும் சேர்ந்து வந்தது. மகள் அவரைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். இப்படி ஒவ்வொருவராக. இருபத்தொன்பதாவதாக ஆவுடை வந்தாள், சிதம்பரவேலின் கையைப் பிடித்துக்கொண்டு.

முந்தின நாள் விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் முகமெல்லாம் புதுசு. நினைவில் இருந்த ஒரே ஒரு போன் நம்பருக்கு அடித்திருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் அவன் காரோடு வந்து கூட்டிப் போய்விட்டான்.

"பயந்தே போயிட்டேன் மேடம்" என்றாள் என்னிடம், முதல் முறை பார்ப்பவளிடம் பேசுவது போல. "நல்லவேளை, இவுக உடனே வந்தாக."

சிதம்பரவேலுக்கு வண்ணார்பேட்டையில் எலக்ட்ரிக்கல் கடை, வயரிங் காண்ட்ராக்ட். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மெதுவான பேச்சு. எரிச்சல் வரும்படி ஒரு வார்த்தை பேச மாட்டான். "நேரம் எடுத்துக்கிடுங்க மேடம். அவளுக்குச் சிரமம் இல்லாமப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றான்.

அவள் பழைய வாக்கியத்தைச் சொன்னாள். சிவப்பு விளக்கு. அவன் காப்பாளர் வாக்கியத்தைச் சொன்னான். சிவப்பு. அவன் முகம் மாறவில்லை, என்னை மட்டும் ஒரு தடவை பார்த்தான். பிறகு அவள் காதில் ஏதோ சொன்னான், அவள் அதைச் சொன்னாள். சிவப்பு. மூன்று போய்விட்டது.

"போனாப் போகட்டும் மேடம். பழச வச்சு என்ன பண்ணப்போறோம்? அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக் குடுங்க. காப்பாளரா என்னையே போட்டுருங்க."

"ஆமா மேடம்" என்றாள் ஆவுடை. "எங்க கையெழுத்துப் போடணும்?"

நான் டாக்டரைத் தனியே இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஆனா வடிவு, இப்ப எம்முன்னால நிக்கிறவங்கதான் பேசண்ட். அவங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்தான். அதான் சட்டம்."

"பதினோரு மாசம் முன்னால எங்கிட்ட வந்து நின்னவ யாரு டாக்டர்? அவ பேசண்ட் இல்லியா?"

"அவங்க இப்ப இல்லியே" என்றார். கொடுமைக்காரர் இல்லை அவர், உண்மையைச் சொன்னார். பிறகு கேட்டார், "உன்னால வேற வழியில எடுக்க முடியாதா?"

ஒரே ஒரு வழி இருந்தது. நினைவகம் நிரம்பும்போது மெஷின் தற்காலிகமாக எழுதிப் போடும் இடம் ஒன்று டிஸ்க்கில் உண்டு. அதைப் பூட்டாமல் விடுவது எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு. பூட்டுக்குள் இருக்கும் ரகசியமெல்லாம் அங்கே துண்டு துண்டாகக் கிடக்கும். நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. முதல் நாளே அதற்கும் ஒரு பூட்டுப் போட்டு, மெஷின் அணையும்போது சாவி தானே செத்துப்போகும்படி வைத்தவள் நான்தான். பாராட்டுக் கடிதம் கூடக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்து எறிய வேண்டும் போல் இருந்தது.

பதிவேடு மட்டும் மிஞ்சியிருந்தது, பூட்ட முடியாத அந்த டிஸ்க்கில். அதை அச்செடுத்து, ஆவுடையைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய் முன்னால் வைத்தேன். காப்பாளர் வாக்கியம் சொல்ல மட்டும்தான் உள்ளே வரலாம், மற்றபடி அங்கே நோயாளிக்கும் எனக்கும் மட்டும்தான் அனுமதி. சிதம்பரவேல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவள் அறுபத்து மூன்று வரியையும் கணக்கு டீச்சராக, விரல் வைத்துப் படித்தாள். நிமிர்ந்தாள்.

"எனக்குக் கெட்ட சொப்பனம் வரும் மேடம். அதத்தான் எடுத்திருப்பாக. எனக்காகத்தான்."

"உங்க இடது கையில ஒரு வடு இருக்கு."

ஜாக்கெட்டை ஏற்றிப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டாள். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"அடுப்புல சுட்டிருக்கும்" என்றாள். "ஏன் மேடம் இப்படிப் பேசுதீக? அவுக அப்படிப்பட்டவுக இல்ல. எனக்குப் பயமா இருக்கு. பேப்பரக் குடுங்க, கையெழுத்துப் போடுதேன்."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் வந்தது. உலுக்கி என்ன செய்ய? நான் சொல்வதை நம்பச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தினால், அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்றும் தோன்றியது. அவள் கையில் பேனா. மேசையில் இருந்த என் காபி பிளாஸ்க்கைப் பார்த்தேன்.

"கையெழுத்துப் போடுங்க. அதுக்கு முன்னால ஒரு வாய் காபி குடிங்க. காலைலருந்து நிக்கீக."

ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் மேசைக்கு அடியில் மைக் பொத்தானை அழுத்தினேன். தப்புதான். அதற்கு என்ன தண்டனை என்பதும் எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தை அவள் மறந்துவிட்டாள், ஆனால் அதைச் சொன்னவள் இவள்தானே. அதே நாக்கு, அதே காபி. மனசுல என்ன தோணுச்சோ அத என்றாள். அது இன்னொரு தடவை தோன்றாதா?

ஒரு வாய் குடித்தாள். விழுங்கச் சிரமப்பட்டாள்.

"நல்லாருக்கு மேடம்."

சிவப்பு. நான்கு போய்விட்டது. மரியாதைக்குச் சொன்ன பொய் அது, அவசரப்பட்டுவிட்டேன். பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.

"மேடம் மேடம்னு சொல்லாதீக. அக்கான்னு கூப்பிடுங்க. நான் நெல்லை டவுன்காரிதான்" என்றேன். "அந்தக் காபி நல்லா இல்லன்னு எனக்கும் தெரியும். என் வீட்டுல ஒருத்தரும் குடிக்க மாட்டாக. பொய் சொல்லாமக் குடிங்க."

கண்ணாடிக்கு வெளியே அவன் கையைக் கட்டியிருந்ததை விட்டான். மணிக்கட்டைத் தட்டி, நேரமாகிறது என்று சைகை காட்டினான். அவள் அவசரமாகத் தம்ளரைத் தூக்கி, கஷாயம் குடிப்பது போல ஒரே மூச்சாக இன்னொரு வாய் குடித்தாள். முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது. தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள்:

"உங்க வீட்டுக்காரரு ரொம்பப் பாவம்கா."

சொன்னதும் ஐயோ என்று புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு.

பொத்தானை அழுத்தினேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"கோவிச்சுக்கிட்டீகளாக்கா?"

நல்லவேளை, நான் பேசும் முன்பே கை பொத்தானை விட்டிருந்தது. இல்லையென்றால் ஐந்தாவதும் போயிருக்கும். "கோவம் எல்லாம் இல்ல. சிரிப்பா இருந்துச்சு. அப்படியே சொல்லுங்க, எம்மா, ஒரு எழுத்து மாறாம." மறுபடி அழுத்தினேன்.

"உங்க வீட்டுக்காரரு ரொம்பப் பாவம்கா."

பச்சை விளக்கு எரிந்தது.

நினைவு திரும்ப அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு மெல்ல மெல்ல வற்றியது. தம்ளரை மேசையில் வைத்தாள். இடது கையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் பட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். வலது கையை, அவன் பிடித்துக் கூட்டிவந்த கையை, சேலையில் அழுத்தித் துடைத்தாள்.

"வடிவக்கா" என்றாள், உதடு அசையாமல். "அவரு எங்க நிக்காரு?"

"வெளிய. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்."

"கதவ உள்பக்கமாப் பூட்டுங்க."

பூட்டினேன். திரும்பியபோது வராந்தாவில் இருளப்பன் அண்ணாச்சி மறுபூசைத் தட்டோடு வந்துகொண்டிருந்தார். வெளியே பேசுவது உள்ளே கேட்கும்படி ஒலிபெருக்கி ஒன்று அந்த அறையில் எப்போதும் திறந்தே இருக்கும். சிதம்பரவேலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, அண்ணாச்சி! உங்க பொரிகடலை அருமை. நீங்க சொன்னபடியே சாவியப் பூசையில வச்சேன், அந்த நேரம் பாத்தா கரண்டு போகணும்? எனக்கு ஒரே ஏச்சு, போங்க."

சிதம்பரவேல் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்து நிதானமாக வைத்துக்கொண்டான். பிறகு கண்ணாடிக்கு அருகே வந்து, உள்ளே இருக்கும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது.

"பரவால்ல மேடம். ஆயுத பூசை வருசா வருசம் வரும்லா."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வராந்தாவில் இன்னும் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பீஸ் கழற்றியதற்குச் சாட்சி யார் என்று அந்தப் பக்கம் கேட்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆவுடை என் திரையைப் பார்த்தாள்.

"அக்கா, வியாழக்கிழமைக்கு இன்னும் ஆறு நாளு இருக்கு. அதுவரைக்கும் இந்த மெஷின் நிக்காம ஓடுமா?"

ஆயிரத்து நூற்று இருபத்து மூன்று நாள் ஓட்டியவள் நான். ஓடும் என்று சொல்ல வாயெடுத்தேன். திரையின் மூலையில் மெஷின் தன் வயதைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று மணி இருபது நிமிடம்.